ரப் மசாலா: உப்புக்கு ஒரு கணக்கு, சர்க்கரைக்கு ஒரு கணக்கு

இறைச்சியின் மேல் தடவக் கடையில் விற்கும் பார்பிக்யூ ரப் மசாலா பாட்டில் ஒன்றைத் திருப்பி, பின்னால் அச்சிட்டிருக்கும் பொருள் பட்டியலைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் உப்பும் சர்க்கரையும் முன்வரிசையில் இருக்கும். இந்தப் பட்டியல் எடை வரிசைப்படிதான் அச்சாகிறது. அதாவது, மசாலாவுக்கென்று நாம் கொடுக்கும் காசில் பெரும்பங்கு, நம் சமையலறையில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு பொருள்களுக்குப் போகிறது. காசாவது பரவாயில்லை. உப்பு, சர்க்கரை, மசாலா மூன்றும் ஒரே பாட்டிலில் கலந்துவிட்டால் ஒன்றைக் கூட்டி மற்றொன்றைக் குறைக்க வழியில்லை. நிறம் வரட்டும் என்று இன்னொரு கை தூவினால் உப்பு கரிக்கும். உப்பு போதவில்லை என்று தூவினால் சர்க்கரை கூடித் தணலில் கருகும்.

வீட்டில் ரப் செய்வதன் உண்மையான பலன் இந்த மூன்றையும் பிரித்து வைத்துக்கொள்ள முடிவதுதான். உப்பின் அளவை இறைச்சியின் எடை தீர்மானிக்கட்டும். சர்க்கரையின் அளவைத் தீயின் சூடு தீர்மானிக்கட்டும். மிச்சமுள்ள மசாலா உங்கள் நாக்கின் விருப்பம். இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா அளவுகளும் இந்தப் பிரிவினையிலிருந்தே வருகின்றன. இதைப் புரிந்துகொண்டவருக்கு ஒவ்வொரு இறைச்சிக்கும் தனித்தனிச் செய்முறை தேடவேண்டிய அவசியம் இருக்காது.

நான்கு ஊர், நான்கு தீ

உலர்ந்த மசாலாவை இறைச்சி மேல் தடவிப் புகையில் வேகவைக்கும் பழக்கம் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஊருக்கு ஊர் மாறுபடுகிறது. அந்த வேறுபாடுகளை அடுப்போடு சேர்த்துப் பார்த்தால்தான் காரணம் புலப்படும்.

டெக்சாஸின் லாக்ஹார்ட் போன்ற ஊர்களில் ஜெர்மானிய, செக் குடியேறிகள் நடத்திய இறைச்சிக் கடைகளிலிருந்து பார்பிக்யூ வளர்ந்தது. அங்குள்ள க்ராய்ட்ஸ் மார்க்கெட் 1900இல் தொடங்கியது. விற்காமல் மீந்த மாட்டிறைச்சியைப் புகைபோட்டு, தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். ஓக் விறகின் புகையில் பத்து மணி நேரத்துக்கு மேல் கிடக்கும் பிரிஸ்கெட் என்னும் நெஞ்சுக்கறிக்கு அந்த வட்டாரத்தில் உப்பும் கரகரப்பாக உடைத்த மிளகும் போதும் என்கிறார்கள். 2009இல் ஆஸ்டினில் ஒரு டிரெய்லர் வண்டியில் கடை தொடங்கி உலகப் புகழ் பெற்ற ஆரன் ஃபிராங்க்ளினும் பிரிஸ்கெட்டுக்கு இந்த இரண்டையே நம்புகிறார். அவ்வளவு நேரப் புகையே பாதி மசாலாவின் வேலையைச் செய்துவிடுகிறது.

மெம்பிஸ் நகரத்தின் ரெண்டவூ உணவகம் 1948இல் சார்லி வெர்கோஸ் தொடங்கியது. அங்கே பன்றி விலாவைக் கரித்தணலின் மேல் சூடாக வாட்டி, வினிகர் கலந்த நீரைப் பூசி, வெந்தபின் மேலே மசாலாத் தூளைத் தூவுகிறார்கள். தணல் சூட்டில் கருகிவிடக்கூடிய பொடியைத் தீயை விட்டு இறக்கியபின் சேர்ப்பது அந்த அடுப்புக்குப் பொருத்தமான முறை.

கேன்சஸ் சிட்டியில் 1900களின் தொடக்கத்தில் ஹென்றி பெர்ரி என்ற கறுப்பினத்தவர் தொடங்கிவைத்த வியாபாரம் அந்த நகரத்தின் அடையாளமாகவே ஆனது. இன்று அந்த ஊர்ப் பெயரில் வழங்கும் ரப்பில் பிரவுன் சுகரும் பாப்ரிகாவும் தாராளமாக இருக்கும். மூடிய அடுப்பில் இளஞ்சூட்டில் வேகும்போது அவ்வளவு சர்க்கரையும் கருகாமல் பளபளவென்று இறுகிவிடும்.

நம் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய நான்காவது ஊர் கென்டக்கியின் ஓவன்ஸ்பரோ. அமெரிக்காவில் வயதான செம்மறியின் கறியை பார்பிக்யூ செய்வதற்குப் பேர்போன ஊர் அது. வினிகர், வூஸ்டர்ஷைர் சாஸ், மிளகு, ஆல்ஸ்பைஸ் சேர்ந்த கறுப்பு நீரை அதன் மேல் பூசிக்கொண்டே இருப்பார்கள். கொழுப்பு வாடை மிகுந்த கறிக்குப் புளிப்பும் மிளகும் பொருந்தும் என்பதை அவர்கள் கைப்பழக்கத்தில் கண்டுகொண்டார்கள்.

உப்பு: இறைச்சியை நிறுத்துப் போடுங்கள்

ரப்பில் உள்ள பொருள்களில் இறைச்சிக்குள் ஆழமாகப் போவது உப்பு. அது இறைச்சியின் ஈரத்தில் கரைந்து அயனிகளாகப் பிரிந்து மெல்ல உள்ளே நகர்கிறது. இழைகளிலுள்ள புரதங்களைத் தளர்த்தி, வேகும்போது நீரைப் பிடித்துவைக்கச் செய்கிறது. மிளகின் பைப்பரின், மிளகாயின் காப்சைசின், சிவப்பு நிறம் தரும் காப்சாந்தின் இவையெல்லாம் பெரிய மூலக்கூறுகள். நீரில் எளிதில் கரையாதவை. ஓர் இரவு முழுக்க ஊறவைத்தாலும் மேலிருந்து சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும். ஆகவே ஊறவைக்கும் நேரம் என்பது உப்புக்கான நேரம். உப்பை முன்னதாகத் தனியே போட்டுவிட்டு, மசாலாவை அடுப்பில் வைக்கும் முன் தடவினாலும் சுவையில் குறை வராது.

அளவு இதுதான்:

- எலும்பில்லாத கறிக்கு, கிலோவுக்கு 10 முதல் 12 கிராம்.
- எலும்போடு கூடிய கறிக்கு, கிலோவுக்கு 8 முதல் 9 கிராம்.
- கடைசியில் உப்புள்ள சாஸ் பூசுவதாக இருந்தால் இந்த அளவிலிருந்து 2 கிராம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கரண்டிக் கணக்கை உப்புக்கு நம்பவேண்டாம். ஒரு தேக்கரண்டித் தூள் உப்பு ஏறத்தாழ 6 கிராம். அமெரிக்கச் செய்முறைகளில் வரும் கோஷர் உப்பில் டைமண்ட் கிறிஸ்டல் என்ற பிராண்டு அதே தேக்கரண்டிக்கு 3 கிராமைத் தாண்டாது. மார்ட்டன் பிராண்டு 5 கிராமை நெருங்கும். அந்தச் செய்முறையில் உள்ள நான்கு கரண்டியை நம் தூள் உப்பில் அப்படியே போட்டால் கறியை வாயில் வைக்க முடியாது. கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிவிட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்தது. கோஷர் உப்பு கிடைக்காத இடத்தில் கல்லுப்பை உரலில் ரவை பருவத்துக்கு இடித்துக்கொள்ளலாம். சீராகத் தூவ வரும்.

அமெரிக்காவில் வசிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் கோழியிலும் பன்றிக்கறியிலும் பல நேரம் உப்புநீர் ஏற்றப்பட்டிருக்கும். உறையின் மேல் சிறிய எழுத்தில் அதன் சதவீதம் அச்சிட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட கறிக்கு உப்பைப் பாதியாகக் குறையுங்கள்.

கோழித் தொடை, விலா போன்ற மெல்லிய துண்டுகளுக்கு உப்பு போட்டு இரண்டு மணி நேரம் போதும். மூன்று கிலோவுக்கு மேற்பட்ட கனத்த துண்டுக்கு ஓர் இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் மூடாமல் வையுங்கள். மேற்பரப்பு காய்ந்து இறுகுவது பின்னால் மேலோடு பிடிக்கவும் உதவும்.

சர்க்கரை: தீயைப் பார்த்துப் போடுங்கள்

இறைச்சியின் மேல் பழுப்பு நிறமும் வறுத்த மணமும் உண்டாவதற்கு முதன்மைக் காரணம் புரதங்களின் கூறுகளும் சர்க்கரைகளும் வெப்பத்தில் இணைவதுதான். 1912இல் பிரான்ஸின் லூயி-காமில் மையார் இதை விளக்கியதால் மையார் வினை என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது வேகமெடுக்கும். நாம் சேர்க்கும் சர்க்கரை 160 டிகிரியை ஒட்டித் தானே உருகிப் பழுப்பாகும். 180ஐத் தாண்டியபின் சீக்கிரமே கசந்து கருகும். மூடிய ஸ்மோக்கரின் சூடு 110 முதல் 135 டிகிரி. கரித்தணலுக்கு நேர்மேலே உள்ள கம்பியின் சூடு 230ஐ எளிதாகத் தாண்டும். சர்க்கரையின் அளவை முடிவு செய்ய இந்த எண்களே போதுமானவை:

- மூடிய அடுப்பில் 110–135 டிகிரிப் புகைச்சூடு: மசாலாப் பொடியின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை.
- தணல் ஒரு பக்கம், இறைச்சி மறுபக்கம் என்று வைத்து 150–175 டிகிரியில் வாட்டுவது: பொடியின் எடையில் பாதி.
- தணலுக்கு நேர்மேலே வாட்டுவது: சர்க்கரை வேண்டாம். இனிப்பு விரும்பினால் கடைசி ஐந்து நிமிடத்தில் சாஸாகப் பூசுங்கள்.

அடுப்பில் தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் கம்பிக்கு 12 சென்டிமீட்டர் மேலே உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். நான்கு விநாடிக்குள் கையை எடுக்க நேர்ந்தால் அது சர்க்கரைக்கு ஆகாத சூடு. எட்டு, பத்து விநாடி தாங்கினால் இளஞ்சூடு.

பிரவுன் சுகருக்கு ஈடாக நாட்டுச் சர்க்கரை நன்றாகப் பொருந்தும். இரண்டிலும் ஈரம் உண்டு என்பதால் தட்டில் பரப்பி, 60 டிகிரி ஓவனிலோ காற்றாடியின் கீழோ உலர்த்தி, கட்டிகளைச் சலித்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சர்க்கரை கட்டி பிடிக்காது, தூவ வசதியானது. பிரவுன் சுகரின் வெல்லப்பாகு மணம் மட்டும் அதில் இருக்காது.

மசாலா: எதை, எதற்கு

*பாப்ரிகா.* ரப்புக்குச் செந்நிறத்தையும் உடலையும் தருவது. காரம் மிகக் குறைவு. ஸ்பெயினின் லா வேரா வட்டாரத்தில் ஓக் புகையில் உலர்த்தித் தயாராகும் புகைமணப் பாப்ரிகாவை, புகை வசதி இல்லாத கேஸ் கிரிலுக்கும் ஓவனுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான விறகுப் புகை இருக்கும் இடத்தில் சாதாரணப் பாப்ரிகாவே போதும். இதற்கு ஈடு காஷ்மீரி மிளகாய்த்தூள் அல்லது கர்நாடகத்தின் பியாடகி மிளகாயை விதை நீக்கி அரைத்த தூள். நிறம் அதே அளவு வரும். காரம் சற்றுக் கூடும்.

*மிளகாய்த்தூள்.* அமெரிக்கச் செய்முறையைப் பார்த்துச் செய்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. அங்கே சில்லி பவுடர் என்று விற்பது தனி மிளகாய்த்தூள் கிடையாது. காரம் குறைந்த உலர்மிளகாயோடு சீரகம், ஓரிகனோ, பூண்டு கலந்த கூட்டுப்பொடி. டெக்சாஸின் நியூ பிரான்ஃபல்ஸில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியக் குடியேறி 1890களில் இதைத் தயாரித்து விற்றுப் பிரபலமாக்கினார். 'சில்லி பவுடர் மூன்று மேசைக்கரண்டி' என்று எழுதியிருந்தால் அந்த இடத்தில் குண்டூர் மிளகாய்த்தூளைக் கொட்டிவிடாதீர்கள். கீழே வரும் செய்முறையில் அந்தக் கூட்டுப்பொடியின் பொருள்களைத் தனித்தனியாகவே சேர்த்திருக்கிறேன்.

*மிளகு.* நீண்ட நேரப் புகைக்கு மிளகைக் கரகரப்பாக உடையுங்கள். ஒரு மிளகு நாலைந்து துண்டானால் போதும். அந்தத் துண்டுகளின் விளிம்புகளில் கொழுப்பும் புகையும் தங்கி, மேலோடு சொரசொரப்பாக எழும்பும். நைசாக அரைத்த மிளகு அதே வேலையைச் செய்யாது. காரம் மட்டும் தூக்கலாகத் தெரியும். குறுகிய நேரம் வாட்டும் கோழிக்கு நடுத்தரப் பருவம் சரி.

*பூண்டுத் தூள், வெங்காயத் தூள்.* பச்சைப் பூண்டு விழுதைத் தணல் சூட்டில் வைத்தால் சீக்கிரம் கருகிக் கசக்கும். உலர்ந்த தூள் ஓரளவு தாங்கும். பூண்டு உப்பு என்று விற்பதை வாங்காதீர்கள். உப்புக் கணக்கு குலைந்துவிடும்.

*சீரகம், மல்லி.* முழுசாக வாங்கி, வெறும் வாணலியில் மெல்லிய தீயில் மணம் எழும்பும் வரை வறுத்து அரையுங்கள். பாப்ரிகாவையும் மிளகாய்த்தூளையும் வறுக்கக் கூடாது. நிறம் மங்கி, கசப்பேறும்.

*கடுகுத் தூள், செலரி விதை, ஓரிகனோ.* கொஞ்சமாகச் சேர்ப்பவை. கொழுத்த பன்றிக்கறியின் திகட்டலைக் கடுகு குறைக்கும். செலரி விதையின் மணம் ஆழமானது. கை தவறினால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

அடிப்படைப் பொடி: செய்முறை

உப்பும் சர்க்கரையும் இல்லாத இந்தப் பொடி 150 கிராம் வரும். கிலோவுக்கு 15 கிராம் வீதம் பத்து கிலோ இறைச்சிக்குப் போதும்.

- பாப்ரிகா – 60 கிராம்
- பூண்டுத் தூள் – 20 கிராம்
- மிளகு – 20 கிராம்
- வெங்காயத் தூள் – 15 கிராம்
- சீரகம் – 10 கிராம்
- கடுகுத் தூள் – 10 கிராம்
- மல்லி விதை – 5 கிராம்
- காரமான மிளகாய்த்தூள் – 5 கிராம்
- உலர்ந்த ஓரிகனோ – 3 கிராம்
- செலரி விதை – 2 கிராம்

பாப்ரிகாவுக்குப் பதில் காஷ்மீரி தூள் போட்டால் காரமான மிளகாய்த்தூளை விட்டுவிடுங்கள்.

1. சீரகத்தையும் மல்லியையும் வறுத்து, தட்டில் கொட்டி முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு அரைத்தால் ஆவி பொடியில் இறங்கிக் கட்டி பிடிக்கும்.
2. ஆறிய சீரகம், மல்லியோடு செலரி விதையைச் சேர்த்து மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டி அரையுங்கள். மிளகைத் தனியே உரலில் உடைத்துக்கொள்ளுங்கள்.
3. ஓரிகனோவை உள்ளங்கையில் கசக்கிப் போடுங்கள்.
4. மிளகு நீங்கலாக எல்லாவற்றையும் அகன்ற பாத்திரத்தில் கொட்டிக் கலந்து, சல்லடையில் ஒருமுறை சலித்து, பிறகு மிளகைச் சேருங்கள். பூண்டுத் தூளின் சின்னக் கட்டிகள் அப்போதுதான் உடையும்.
5. ஒரு சிட்டிகையை எண்ணெயில் குழைத்து, வாணலியில் சில விநாடி சூடுகாட்டி, ஒரு ரொட்டித் துண்டில் தொட்டுச் சுவையுங்கள். நிறமும் காரமும் கொழுப்பில்தான் வெளிப்படும் என்பதால் உலர்ந்த பொடியை நாக்கில் வைத்துப் பார்ப்பது சரியான சோதனை ஆகாது.

தடவும் முறை

இறைச்சியைத் தாளால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். நிறுத்த உப்பை ஒரு முழ உயரத்திலிருந்து எல்லாப் பக்கமும் விழும்படி தூவுங்கள். குறிப்பிட்ட நேரம் கழிந்ததும், வேண்டிய அளவு அடிப்படைப் பொடியையும் சர்க்கரையையும் ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியே கலந்து எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கறியைத் தொட்ட கை பொடி டப்பாவுக்குள் போகவே கூடாது. கிண்ணத்தில் மீந்ததை எறிந்துவிடுங்கள்.

பொடி ஒட்டுவதற்கு மஸ்டர்ட் சாஸை மெல்லிய படலமாகப் பூசுவது அமெரிக்கப் பழக்கம். வெந்தபின் அதன் சுவை தனியாகத் தெரியாது. எண்ணெயும் ஒட்டவைக்கும், ஆனால் எண்ணெயில் உப்பு கரையாது, ஆகவே உப்பு ஊறிய பிறகே எண்ணெய். வெறும் நீரைத் தொட்டுத் தடவினாலும் வேலை முடியும்.

பொடியைத் தூவியபின் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். போட்டுத் தேய்த்தால் ஓரிடத்தில் குவிந்து இன்னோரிடத்தில் வெறுமையாகிவிடும். இறைச்சியின் நிறம் பொடிக்கிடையே லேசாகத் தெரியும் அளவே சரி. அப்படியே விட்டுவிட்டுப் பதினைந்து, இருபது நிமிடம் கழித்துப் பாருங்கள். தூளாக, வெளிர் செந்நிறத்தில் இருந்த மேற்பரப்பு ஈரம் குடித்துச் செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும். விரலால் தொட்டால் பொடி விரலில் வராது. சாந்தாகக் கறியோடு பிடித்திருக்கும். சர்க்கரை கரைந்து பளபளக்கும். அடுப்பில் வைக்க வேண்டிய பக்குவம் இதுதான். ஈரமான மேற்பரப்பில் புகை நன்றாகப் படியும். இன்னும் உலர்ந்த தூளாகவே தெரிந்தால் பொடி அதிகமாகிவிட்டது என்று பொருள், உதறி எடுத்துவிடுங்கள்.

ஐந்து இறைச்சி, ஐந்து கணக்கு

*தோலோடு கோழித் தொடை, 1 கிலோ, நேரடித் தணல்.* உப்பு 9 கிராம், பொடி 15 கிராம், சர்க்கரை இல்லை. தமிழ்நாட்டுக் கடைகளில் கேட்காவிட்டால் தோலை உரித்தே கொடுப்பார்கள். தோலோடு வேண்டுமென்று முன்கூட்டிச் சொல்லுங்கள். தோல் நீக்கிய துண்டானால் பொடியோடு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்துத் தடவுங்கள். கோழியின் உட்சூடு குறைந்தது 74 டிகிரி என்பது அமெரிக்க வேளாண் துறையின் அளவு. தொடைக்கறி 80ஐத் தாண்டும்போதுதான் மிருதுவாகும்.

*பன்றி விலா, 2 கிலோ, புகைச்சூடு 120 டிகிரி.* உப்பு 16 கிராம், பொடி 30 கிராம், சர்க்கரை 30 கிராம். எலும்புப் பக்கத்துச் சவ்வை உரித்துவிட்டுத் தடவுங்கள்; சவ்வின் மேல் போட்ட மசாலா கறியைச் சேராது. ஐந்து முதல் ஆறு மணி நேரம். மெம்பிஸ் முறைப்படி உலர்ந்ததாக வேண்டுமானால் சர்க்கரையை விட்டுவிட்டு, வெந்ததும் வினிகர் கலந்த நீரைப் பூசி, கறியில் படாத புதிய பொடி இரண்டு தேக்கரண்டியில் ஒரு சிட்டிகை உப்பு கலந்து மேலே தூவுங்கள்.

*பன்றித் தோள்கறி, 3 கிலோ, புகைச்சூடு 120 டிகிரி.* உப்பு 30 கிராம், பொடி 45 கிராம், சர்க்கரை 45 கிராம். உட்சூடு 93–95 டிகிரி வந்ததும் முள்கரண்டியால் பிய்த்தாலே இழை இழையாக வரும். பிய்த்தபின் உள்கறி வெளிறித் தெரியும். மேலோட்டையும் சேர்த்துக் கலந்தால்தான் எல்லா வாய்க்கும் மசாலா எட்டும்.

*மாட்டு பிரிஸ்கெட், 5 கிலோ, புகைச்சூடு 120–130 டிகிரி.* உப்பு 60 கிராம், கரகரப்பாக உடைத்த மிளகு 60 கிராம். அடிப்படைப் பொடியும் சர்க்கரையும் வேண்டாம். கொழுப்பை 6 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவிவிட்டுத் தூவுங்கள். உட்சூடு 65–75 டிகிரிக்கு இடையே வந்து சில மணி நேரம் ஏறாமல் நிற்கும். மேற்பரப்பு ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதால் வரும் தேக்கம் அது. பதறித் தீயைக் கூட்டாதீர்கள். மேலோடு உறுதிப்படுவதும் அந்த நேரத்தில்தான். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கறுத்த மேலோடு பெயராமல் நின்றால், தாளில் சுற்றி 95 டிகிரி வரை விடலாம்.

*ஆட்டுத் தொடை, எலும்போடு 2 கிலோ, மறைமுகச் சூடு 150 டிகிரி.* உப்பு 18 கிராம், பொடி 30 கிராம், கூடுதலாக உடைத்த மிளகு 10 கிராம், ஆல்ஸ்பைஸ் தூள் 2 கிராம். சர்க்கரை 15 கிராம், விரும்பாதவர்கள் விட்டுவிடலாம். ஒரு பங்கு வினிகர், இரண்டு பங்கு நீர், கொஞ்சம் வூஸ்டர்ஷைர் சாஸ் கலந்து, மசாலா ஒட்டிப்பிடித்த பின், முதல் ஒரு மணி நேரம் கழித்துப் பூசத் தொடங்குங்கள். முன்னதாகப் பூசினால் பொடி கழுவிப் போய்விடும்.

விறகு

மசாலாவின் கடைசிப் பொருள் புகை. ஹிக்கரி, ஓக், ஆப்பிள், மெஸ்கீட் என்று அமெரிக்காவில் விறகுக்குப் பெயர் சொல்லியே வாங்குவார்கள். தமிழ்நாட்டில் கரி மூட்டம் போடப் பெரிதும் பயன்படும் சீமைக்கருவேலம், டெக்சாஸ் மெஸ்கீட்டின் நெருங்கிய உறவு மரம். இரண்டின் கரியும் கடும் சூடு தரும். அதன் விறகுப் புகை காட்டமானது என்பதால் குறைந்த நேரம் வாட்டும் இறைச்சிக்கே ஏற்றது. எந்த விறகானாலும் நன்கு காய்ந்ததாக இருக்கவேண்டும். பெயின்ட் அடித்த மரமும் பழைய பலகையும் ஆகவே ஆகாது. புகைபோக்கியில் கண்ணுக்கு லேசாகத் தெரியும் நீலச் சாயல் புகை வரும்போது இறைச்சியை வையுங்கள். கனத்த வெள்ளைப் புகை, எவ்வளவு நல்ல ரப்பையும் கசக்கவைக்கும்.

கோளாறும் காரணமும்

- *மேலே கசப்பு:* சர்க்கரை கருகியிருக்கும், அல்லது வெள்ளைப் புகையில் கிடந்திருக்கும். கறுத்த இடத்தைச் சுவைத்துப் பாருங்கள். கருகிய சர்க்கரை தீய்ந்த வெல்லமாகக் கசக்கும். கெட்ட புகை நாக்கில் மரத்துப்போன உணர்வைத் தரும்.
- *மாவு மாவாக வாயில் ஒட்டுகிறது:* பொடி அதிகம், அல்லது ஈரம் குடிக்கும் முன் அடுப்பில் ஏறிவிட்டது.
- *மேலோடு பிடிக்கவில்லை:* அடிக்கடி நீர் தெளித்தது, சீக்கிரமே தாளில் சுற்றியது, அல்லது சூடு 100 டிகிரிக்குக் கீழே கிடந்தது.
- *வெளியே உப்பு, உள்ளே சப்பு:* உப்பின் அளவு சரி, நேரம் போதவில்லை. அடுத்த முறை முந்தைய இரவே போடுங்கள்.

சேமிப்பு

உப்பும் சர்க்கரையும் கலக்காத பொடி நீரை அதிகம் இழுக்காது. கட்டி பிடிப்பதும் குறைவு. காற்றுப் புகாத கண்ணாடி பாட்டிலில், வெளிச்சம் படாத அலமாரியில், அரைத்த தேதியை ஒட்டி வையுங்கள். மூன்று மாதம் மணம் குறையாது. ஆறு மாதத்துக்குப் பின் கெட்டுப்போகாவிட்டாலும் நிறமும் மணமும் தளர்ந்திருக்கும். அடுப்புக்கு மேலே உள்ள தட்டு இதற்கு மிக மோசமான இடம்.

முதல் பரிசோதனை

நூறு குறிப்புகளைப் படிப்பதைவிட ஒரு மாலை நேரச் சோதனை அதிகம் கற்றுத்தரும். ஒரே எடையுள்ள நான்கு கோழித் தொடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதற்கு உப்பு மட்டும். இரண்டாவதற்கு உப்பும் பொடியும். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் உப்பு, பொடி, பொடிக்குச் சமமான சர்க்கரை. முதல் மூன்றையும் தணலுக்கு நேர்மேலே வாட்டுங்கள். நான்காவதைத் தணலில்லாத பக்கத்தில் வைத்து மூடி போட்டு வேகவிடுங்கள். நான்கையும் அறுத்து, மேல்தோலைத் தனியாகவும் உள்கறியைத் தனியாகவும் சுவையுங்கள். உள்கறியில் நான்குக்கும் வேறுபாடு சொல்வது கடினம். அங்கே எட்டியது உப்பு மட்டுமே. மூன்றாவதன் தோல் கறுத்துக் கசக்கும். அதே கலவை பூசிய நான்காவதன் தோல் பழுப்பாக இனிக்கும். கலவை ஒன்றுதான், தீ வேறு. இதைச் சொந்த நாக்கில் ருசித்து அறிந்தபின், எந்தக் கறி கையில் வந்தாலும் அதை நிறுத்து, தீயைப் பார்த்து, உங்கள் ரப்பை நீங்களே அளந்துகொள்வீர்கள்.